கோயில் வீதி, 20ஆம் இலக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கோயில் வீதி என்றொரு வீதி இல்லாத ஊர் அரிது. ஊர்தோறும் கோயிலுண்டு; கோயிலைச் சார்ந்து ஒரு வீதியும் உண்டு. மற்றோர் ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதும் ஒருவர், ஊரின் பெயரை மறந்து, ‘கோயில் வீதி, 20ஆம் இலக்கம்’ என்று மாத்திரம் உறையில் எழுதித் தம்மூர்த் தபாற்காரரிடம் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்வது யாது? தபாற்காரர் அக்கடிதத்தை ஊருக்கு வெளியே அனுப்பமாட்டார். தம்மூர்க் கோயில் வீதியிலேயே 20ஆம் இலக்க வீட்டைத் தேடுவார். அவ்விலக்கத்தில் அங்கு வீடில்லையாயின், ‘அப்படி ஒருவரும் இல்லை’ என்று கூறிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எழுதியவரோ, உறவினர் ஒரு வார்த்தையேனும் சொல்லாமல் வீடு மாறிவிட்டார் என்று எண்ணி மனம் நோவார். உறவினர் மீதும் குற்றமில்லை. தபாற்காரர் மீதும் குற்றமில்லை. எனினும் ஓர் உறவு வீணே கசந்துவிடும்.

நான் கூறவந்தது தபாற் கதையன்று. எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வுகூடத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை விளக்குவதற்காகவே கோயில் வீதியை முன்னே நிறுத்தினேன். அச்சம்பவத்தில் ஒரு மாணவன் மீது வீண்பழி சுமத்தப்பட்டது. சுமத்தியவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் இவ்வாரம் எழுதப்புகும் இவ்விஷயம், மாணாக்கருக்கு ஒரு பாடமாக அமைவதோடு, என்னளவில் ஒரு மன்னிப்பு விண்ணப்பமாகவும் அமைகின்றது.

கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டு நாட்களே இருந்தன. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், நூல்நிலையத்துப் புத்தகங்களைத் தேடித்தரும் மென்பொருள் ஒன்றைப் பல மாதங்கள் உழைத்து ஆக்கியிருந்தான். அம்மென்பொருள் அவனுடைய மடிக்கணினியில் இயங்கும். புத்தகப் பட்டியலோ ஆய்வுகூடத்துச் சேவையகத்தில் இருக்கும். சேவையகம் என்பது, ஏனைய கணினிகள் கேட்பவற்றை எடுத்துக் கொடுப்பதற்கென்றே வைக்கப்பட்ட கணினி. அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஆய்வுகூடத்துத் திறப்பையும் பத்தாந் தர மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தேன். வயதிற் சிறியவன்; அதிகம் பேசமாட்டான்; ஆயினும் எடுத்த கருமத்தில் கண்ணானவன்.

கண்காட்சி இரண்டாம் அறையில் நடைபெறவிருந்தமையால், முதலாம் அறையிலிருந்த சேவையகத்தை அவன் முதல்நாள் மாலை இரண்டாம் அறைக்கு மாற்றினான். இடம் மாறியதற்கேற்ப அதற்குப் புதிய விலாசமும் கொடுத்து, அதனை மூத்த மாணவனுக்கும் அறிவித்தான். மறுநாட் காலை மூத்த மாணவன் முகம் வாடி என்னிடம் ஓடிவந்தான்.

“சேர், நேற்றுவரை எல்லாம் நன்றாக வேலை செய்தது. இவன் இடம் மாற்றியபின் சேவையகம் ஒரு பதிலும் தருவதில்லை. என் பக்கத்தில் ஒரு குறையுமில்லை. என்னுடைய இயந்திரம் வெளிநாடுகளுக்கெல்லாம் போகிறது; முதலாம் அறைக்கும் போகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் சேவையகத்துக்கு மாத்திரந்தான் போகமாட்டேன் என்கிறது.”

நான் சிறியவனை அழைத்தேன். “சேர், நான் விலாசத்தை மாத்திரந்தான் மாற்றினேன். வேறொன்றையும் தொடவில்லை” என்றான். மாற்றியவன் அவன், மாற்றிய பின்னரே வேலை நின்றது, ஆகவே கெடுத்தவனும் அவனே என்று என் மனம் கணக்கிட்டுவிட்டது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பில் எத்தனையோ முறை எடுத்துரைத்தவன் நான். அன்று அக்கதை என் நினைவுக்கு வரவில்லை. மற்றைய மாணவர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டு திறப்பையும் வாங்கிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாது பின்வரிசையிற் போய் அமர்ந்தான்.

நிற்க. பின்பு நடந்ததைக் கூறுமுன், வாசகர்களுட் கணினியோடு பழக்கமில்லாத தாய்மாரும் தந்தைமாரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு இரண்டொரு செய்திகளைச் சொல்லிவைத்தல் நலம்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது, செய்தி முழுவதையும் ஒரே நீண்ட ஓலையாக அனுப்புவதில்லை. அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புபவர் விலாசத்தையும் பெறுபவர் விலாசத்தையும் பொறித்து அனுப்புகின்றன. இத்துண்டையே பொதி என்கின்றோம். 1960களில் அமெரிக்காவில் போல் பரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் ஒருவர் முயற்சியை ஒருவர் அறியாமலே இம்முறையைச் சிந்தித்துக் கண்டனர். சிறு பொட்டலம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டவர் டேவிஸ். வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் பொதிகளைச் செலுத்தும் முறையை வின்டன் சேர்ப், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வகுத்துரைத்தனர். 1983 ஜனவரி 1ஆந் தேதி முதல் ‘ஆர்பாநெற்’ என்னும் அமெரிக்க வலையமைப்பு அம்முறைக்கு மாறிற்று. இன்றைய இணையம் அவ்வழி வந்ததே.

பொதியின் தலையில் எழுதப்படும் விலாசம் நான்கு எண்களாலானது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வகையில் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 விலாசங்களே உண்டு. உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் இவை போதா என்பது விரைவிலேயே தெரியவந்தது. ஆகவே சில விலாசங்களை ஒதுக்கி, ‘இவற்றை யாரும் தம் வீட்டுக்குள்ளும் தம் நிறுவனத்துக்குள்ளும் தாராளமாக வழங்கலாம், வெளியுலகில் இவை செல்லா’ என்று 1996ஆம் ஆண்டில் ஒழுங்கு செய்தனர். 10 என்று தொடங்கும் விலாசங்கள் அனைத்தும், 192.168 என்று தொடங்குவன அனைத்தும், 172.16 முதல் 172.31 வரையுள்ளனவும் இவ்வாறு ஒதுக்கப்பட்டவை. கோயில் வீதி என்னும் பெயரை எந்த ஊராரும் வைத்துக்கொள்ளலாம் என்பது போன்றதே இவ்வொழுங்கும்.

இனி, மெய்நிகர் இயந்திரம் என்பதைப் பார்ப்போம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் மற்றொரு கணினியை உண்டாக்கி, அது தனித்ததோர் இயந்திரம் போலவே இயங்குமாறு செய்யலாம். ஐ.பீ.எம். நிறுவனத்தார் 1960களிலேயே இதனைச் செய்து பார்த்து, 1972ஆம் ஆண்டில் தம் பெருங்கணினிகளுக்கு இவ்வசதியை வெளியிடவும் செய்தனர். இன்று ஒரு மாணவனின் மடிக்கணினியிலும் அது கைகூடுகின்றது. எங்கள் மூத்த மாணவனும் தன் மென்பொருளை இத்தகைய உள் இயந்திரம் ஒன்றிலேயே இயக்கிவந்தான். ஏதேனும் கெட்டாலும் உள் இயந்திரத்தோடு போய்விடும். மடிக்கணினிக்குச் சேதமில்லை என்பது அவன் கருத்து. நல்ல கருத்தே.

அவ்வுள் இயந்திரம் ஒரு பெரிய வளவுக்குள் வேலியடைத்த சிறு வளவு போன்றது. அதற்கெனத் தனிப் படலை ஒன்றுண்டு. உள்ளிருந்து வெளியே செல்லும் பொதி படலைக்கு வந்ததும், அங்கு காவலிருக்கும் மென்பொருள் அனுப்புபவர் விலாசத்தை அழித்து, மடிக்கணினியின் விலாசத்தை எழுதி வெளியே விடும். பதில் வந்ததும் மீண்டும் உள் விலாசத்தை எழுதி உள்ளே சேர்ப்பிக்கும். இவ்வேலையைச் செய்யும் மென்பொருள்களுட் பரவலாக வழங்கும் வேர்ச்சுவல்பொக்ஸ், கியூ-எமு ஆகிய இரண்டும், நாம் வேறு கட்டளை இடாதவிடத்து, ஒரேவகை உள் விலாசங்களையே கொடுக்கின்றன. உள் இயந்திரத்துக்கு 10.0.2.15, படலைக்கு 10.0.2.2, பெயர்களை விலாசங்களாக மாற்றித் தருபவனுக்கு 10.0.2.3.

எங்கள் ஆய்வுகூடத்தில் மூன்று அறைகள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், எளிதாக நினைவிருக்கட்டும் என்று, முதலாம் அறைக்கு 10.0.1 என்றும், இரண்டாம் அறைக்கு 10.0.2 என்றும், மூன்றாம் அறைக்கு 10.0.3 என்றும் இலக்கமிட்டிருந்தார். முதல் மூன்று எண்கள் வீதியின் பெயர். நான்காவது எண் வீட்டின் இலக்கம். முதலாம் அறையில் 10.0.1.20 என்றிருந்த சேவையகம், இரண்டாம் அறைக்கு வந்ததும் 10.0.2.20 ஆயிற்று. முறைப்படி அது சரியான விலாசமே. கூர்மதி படைத்த வாசகர்கள் இதற்குள் கள்வனைக் கண்டுபிடித்திருப்பர். நாங்களோ அன்று நண்பகல்வரை இருட்டிலேயே தடவிக்கொண்டிருந்தோம். சேவையகத்தை மூன்று முறை நிறுத்தி இயக்கினோம். வடங்களைக் கழற்றி மாட்டினோம். மூத்த மாணவன் கண் கலங்கும் நிலைக்கு வந்துவிட்டான்.

மதிய இடைவேளையின் போது சிறியவன் என் மேசையருகே வந்து, அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளை வைத்துவிட்டு நின்றான். அதில் நான்கு வரிகள் எழுதப்பட்டிருந்தன.

1. பக்கத்துக் கணினியிலிருந்து சேவையகத்தைக் கூப்பிட்டால் பதில் வருகிறது.

2. அண்ணாவுடைய மடிக்கணினியிலிருந்து நேரே கூப்பிட்டாலும் பதில் வருகிறது.

3. அதே மடிக்கணினியின் உள் இயந்திரத்திலிருந்து முதலாம் அறைக் கணினியைக் கூப்பிட்டால் பதில் வருகிறது.

4. உள் இயந்திரத்திலிருந்து சேவையகத்தைக் கூப்பிட்டால் மட்டும், ‘சேருமிடத்தை எட்ட இயலவில்லை’ என்று வருகிறது. அப்படிச் சொல்வது 10.0.2.15.

கூப்பிடுதல் என்று அவன் எழுதியது ‘பிங்’ என்னும் சிறு கருவியை. மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசம்பரில் அதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேட ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். ஒரு விலாசத்துக்குச் சிறு பொதியொன்றை அனுப்பி, ‘இருக்கின்றேன்’ என்ற பதில் வருகின்றதா என்று பார்ப்பது அதன் தொழில்.

“சேர், 10.0.2.15 என்பது யாருடைய விலாசம்?” என்று சிறியவன் கேட்டான்.

அக்கேள்வி என்னைச் சுரீரெனச் சுட்டது. காலை முழுவதும் திரையில் அவ்வரியை நாங்கள் அனைவரும் கண்டோம். ‘எட்ட இயலவில்லை’ என்பதைப் படித்தோமேயன்றி, அப்படிச் சொன்னவர் யாரென்று பார்க்கவில்லை. சொன்னது சேவையகமன்று, வழியிலுள்ள எந்தக் கருவியுமன்று. 10.0.2.15 உள் இயந்திரத்தின் சொந்த விலாசம். தன் கடிதத்தைத் தானே திருப்பித் தன்னிடமே கொடுத்துக்கொண்டிருந்தது அது. பொதி அதன் வாசலைத் தாண்டவேயில்லை.

உடனே மூவருமாக அமர்ந்து, ஒவ்வொரு படியாகச் சோதித்தோம். முதலில், எந்த விலாசத்துக்கு எவ்வழியாக அனுப்புவாய் என்று உள் இயந்திரத்தையே கேட்டோம். லினக்ஸ் இயங்கும் கணினியில் இதனைக் கேட்பதற்கு ‘ஐபி ரூட் கெட்’ என்றொரு கட்டளை உண்டு. முதலாம் அறைக் கணினியின் விலாசத்தைக் கொடுத்தபோது, ‘10.0.2.2 வழியாக’ என்று விடை வந்தது. அதாவது படலை வழியாக. சேவையகத்தின் விலாசத்தைக் கொடுத்தபோதோ, ‘வழியாக’ என்ற சொல்லே விடையில் இல்லை. இது என் வீதியிலேயே உள்ள வீடு. படலைக்குப் போக வேண்டியதில்லை. நானே நேரிற் கொடுத்துவிடுவேன் என்பது அதன் கருத்து. தன் விலாசம் 10.0.2.15, சேவையகத்தின் விலாசம் 10.0.2.20, வீதியின் பெயர் ஒன்றே. ஆகவே வீடும் அயலிலேயே இருக்கவேண்டுமென்று அது முடிவு செய்தது. பெயரால் ஒன்றாயினும் அவை வேலிக்கு உள்ளும் புறமுமான இரு வேறு வீதிகள் என்பதை அறிய அதற்கு வழியில்லை.

அடுத்து, அதன் வாசலிலே நின்று போவதையும் வருவதையும் கவனித்தோம். ‘ரிசிபிடம்ப்’ என்னும் கருவி இதற்கென்றே உள்ளது. படம் போலப் பார்க்க விரும்புவோர் ‘வயர்ஷார்க்’ என்பதைப் பயன்படுத்துவர். ஒரு வீதியில் இன்ன இலக்கத்துக்குரிய கதவு எது என்று அறிவதற்கு, கணினி அவ்வீதி முழுவதும் கேட்கும்படி கூவி விசாரிக்கும். 1982ஆம் ஆண்டில் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிவைத்த முறை அது. எங்கள் திரையில் அக்கூவல் வரிவரியாக ஓடிற்று. ‘10.0.2.20 யார்? 10.0.2.15க்குச் சொல்லவும்.’ ஒரு விநாடி கழித்து மீண்டும் அதே கூவல். பிறகு மூன்றாம் முறை. மறுமொழி கூற அச்சிறு வளவில் எவருமில்லை. மூன்று முறை கூவியபின், ‘எட்ட இயலவில்லை’ என்று அது கைவிட்டது.

அதே வேளையில் சேவையகத்திலும் இக்கருவியை ஓடவிட்டோம். அங்கே உள் இயந்திரத்திலிருந்து ஒரு பொதிகூட வரவில்லை. வராத கடிதத்துக்கு எவ்வாறு பதில் எழுதுவது? காலை முழுவதும் நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்த சேவையகம், கேள்வியையே கேட்டிராத நிரபராதி. அதனைப் பார்த்துக்கொண்ட பையனும் அவ்வாறே.

நோயைக் கண்டபின் மருந்து இலகுவாயிற்று. வழிகள் இரண்டிருந்தன. சிறு வேலியை நீக்கி, உள் இயந்திரத்தையும் அறையிலுள்ள ஏனைய கணினிகளைப் போலவே வலையமைப்பில் நேரே இணைத்து, அறைக்குரிய விலாசம் ஒன்றைப் பெறச்செய்வது ஒரு வழி. வேலியை வைத்துக்கொண்டு, வேலிக்குள் இருக்கும் வீதியின் பெயரை மாத்திரம் மாற்றுவது மற்றது. நாங்கள் இரண்டாவதைத் தெரிந்துகொண்டோம். உள் இயந்திரத்தை நிறுத்தி, அதன் உள் வலையமைப்புக்குக் கல்லூரியில் எங்கும் வழங்காத 192.168.77 என்னும் தொடரைக் கொடுத்து, மீண்டும் இயக்கினோம். இப்பொழுது அதன் விலாசம் 192.168.77.15. சேவையகத்தின் 10.0.2.20 அதற்கு அயல் வீடன்று, வேற்றூர். ஆகவே பொதி படலைக்குப் போயிற்று, படலைக்காரன் மடிக்கணினியின் விலாசத்தை எழுதி வெளியே விட்டான், சேவையகம் பதிலளித்தது. நூல்நிலையப் பட்டியல் திரையில் வந்து நின்றது. மூத்த மாணவன் நாற்காலியிற் சாய்ந்து நெடுமூச்செறிந்தான். அதன்பின் அவன் தலை தானாகவே சிறியவன் பக்கம் திரும்பிற்று.

வழிகாட்டும் பட்டியலில் உள்ள ஒரு விதியை இங்கே மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே விலாசத்துக்கு இரண்டு விதிகள் பொருந்துமாயின், குறுகிய எல்லையைக் குறிக்கும் விதியே வெல்லும். ‘யாருக்காயினும் படலை வழியாக’ என்பது அகன்ற விதி. ‘10.0.2 வீதியாருக்கு நேரே’ என்பது குறுகிய விதி. பின்னையது முன்னையதை வென்றமையாலேயே எங்கள் பொதி வழி தவறிற்று.

இவ்விதி ஒரு மாணவனின் மடிக்கணினிக்குள் மாத்திரம் விளையாடுவதன்று. 2008 பெப்ரவரி 24ஆந் தேதி உலகெங்கும் யூடியூப் தளம் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக மறைந்துபோயிற்று. பாகிஸ்தானில் அத்தளத்தைத் தடைசெய்யுமாறு அரசாங்கம் பணித்திருந்தது. அதனை நிறைவேற்றப்புகுந்த பாகிஸ்தான் ரெலிகொம் நிறுவனம், யூடியூப்புக்குரிய 1,024 விலாசங்களுள் 256 விலாசங்களுக்கு வழி தன்னிடமே உள்ளதென ஓர் அறிவித்தலை வெளியிட்டது. உள்நாட்டோடு நிற்கவேண்டிய அவ்வறிவித்தல், ஹொங்கொங்கிலுள்ள மேல்நிலை நிறுவனமொன்றின் வழியாக உலகமெங்கும் பரவிவிட்டது. 1,024ஐக் குறித்த யூடியூப்பின் அறிவித்தல் அகன்றது. 256ஐக் குறித்த அறிவித்தல் குறுகியது. குறுகியது வென்றது. உலகத்துப் பொதிகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, அங்கே மறைந்தன. யூடியூப் நிறுவனத்தார் அதே 256 விலாசங்களுக்குத் தாமும் அறிவித்தல் விட்டு, பின்னர் அவற்றை 128 கொண்ட இரு பகுதிகளாகப் பிரித்து இன்னும் குறுகிய அறிவித்தல்களை விட்டே போக்குவரத்தை மீட்கத் தொடங்கினர். இறுதியில் மேல்நிலை நிறுவனம் தவறான அறிவித்தலை நீக்கவே தொல்லை தீர்ந்தது. எங்கள் இரண்டாம் அறையில் நிகழ்ந்ததும் உலகளவில் நிகழ்ந்ததும் ஒரே விதியின் வேலையே.

மெய்நிகர் இயந்திரங்களிற் பொதிகள் வழி தவறுதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஓர் இயந்திரத்தை அப்படியே பிரதி செய்யும்போது, அதன் வலையட்டைக்குரிய தனியிலக்கமும் பிரதியாகிவிட்டால், ஒருவனுக்கு வந்த கடிதம் மற்றவன் கைக்குப் போகும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயரிட்ட வீடு போலாகும். 127.0.0.1 என்னும் விலாசத்தை எழுதிவிட்டு, அது வெளியே உள்ள மடிக்கணினியைக் குறிப்பதாக எண்ணுவோரும் உளர். அவ்விலாசம் ‘நானே’ என்று பொருள்படுவது. உள் இயந்திரத்தில் அதனை எழுதினால் உள் இயந்திரத்தையே குறிக்கும். டொக்கர் என்னும் மென்பொருளும் வேறு கட்டளை இல்லாதவிடத்து 172.17 என்னும் தொடரைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். அதே தொடரை வழங்கும் அலுவலகங்களில் எங்கள் கதையே மீண்டும் நிகழும்.

இத்தகைய தொல்லையை எதிர்ப்படும் மாணாக்கருக்கு, அன்று நான் கற்றவற்றை வரிசைப்படுத்திக் கூறுகின்றேன். ‘முடியவில்லை’ என்ற செய்தி வந்தால், அதனைச் சொன்னவர் யாரென்று முதலிற் பாருங்கள். பிறகு அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுங்கள்: என் விலாசம் யாது, என் படலை விடை தருகின்றதா, படலைக்கு அப்பால் முதல் வீடு விடை தருகின்றதா என்று ஒவ்வொன்றாக வினவுங்கள். எவ்வழியே அனுப்புவாய் என்று இயந்திரத்தையே கேளுங்கள். நாம் ஊகிப்பது ஒன்று, அது செய்வது வேறொன்றாக இருக்கலாம். அனுப்பும் முனை, பெறும் முனை ஆகிய இரண்டிலும் ஏககாலத்திற் கவனியுங்கள். ஒரு முனையில் மாத்திரம் நின்று மறுமுனையைப் பழித்தல் ஆகாது. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் தீர்த்த மருந்து யாதென்று தெரியாது. எல்லாவற்றையும் தாளில் எழுதிவையுங்கள். நாங்கள் வடங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த வேளையில், பழி சுமந்த பையன் ஒருவனே எழுதிக்கொண்டிருந்தான்.

‘நேற்றுவரை வேலை செய்தது’ என்ற வாசகத்தைப் பற்றியும் ஒரு சொல். அது உண்மையே. எனினும் அது எதை நிரூபிக்கின்றது? அக்குறை நேற்றும் அங்கேயே இருந்தது. வெளியே ஒரு 10.0.2 வீதியும், உள்ளே ஒரு 10.0.2 வீதியும் பல மாதங்களாக ஒன்றையொன்று அறியாது இருந்தன. சேவையகம் முதலாம் அறையில் இருந்தவரை ஒரு கடிதமும் அவ்வீதிக்கு எழுதப்படவில்லை. எழுதப்பட்ட முதல் நாளே குறை வெளிப்பட்டது. சிறியவன் குறையை உண்டாக்கவில்லை. மறைந்திருந்த குறை வெளிப்படுவதற்கு அவன் செய்கை ஒரு தருணமாயிற்று. தருணத்தையும் காரணத்தையும் ஒன்றெனக் கொள்வது இயந்திரங்களின் விஷயத்தில் மாத்திரமன்று, குடும்பங்களின் விஷயத்திலும் நாம் அடிக்கடி செய்யும் பிழை. மருமகள் வந்த நாளில் வீட்டில் ஏதேனும் கெட்டுவிட்டால் அவளைப் பழிக்கும் மாமியார், அன்று நான் செய்ததற்கு மேலாக ஒன்றும் செய்யவில்லை.

மாலையில் வகுப்பைக் கூட்டினேன். காலையில் எல்லோர் முன்னிலையிலும் கடிந்தமையால், அவர்கள் முன்னிலையிலேயே என் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறையென்று தோன்றிற்று. “தம்பி, நான் விசாரியாமற் பேசிவிட்டேன். நீ செய்தது சரி” என்று கூறித் திறப்பை அவனிடம் கொடுத்தேன். மூத்த மாணவன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான். சிறியவன் திறப்பை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, “சேர், அறைகளுக்கு வேறு இலக்கம் கொடுப்போமா? இல்லாவிட்டால் அடுத்த வருடமும் யாருக்காவது இது வரும்” என்றான்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் மூன்று அறைகளுக்கும் புதிய இலக்கங்கள் இட்டோம். பட்டியலை எழுதியவன் அவனே. அது ஆய்வுகூடத்துக் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றது. அவன் தந்த அந்த நான்கு வரித் தாளை நான் என் மேசை இலாச்சியில் வைத்திருக்கின்றேன். யாரேனும் ஒருவர் மற்றொருவர் மீது குறை கூறிக்கொண்டு என்னிடம் வரும்போது, விடை சொல்லுமுன் அதனை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இப்பொழுது என் வழக்கமாகிவிட்டது.